பொறை மட்டும் வேண்டாம்

கபாலி இடுப்பில் கட்டியிருக்கும் பைக்குள் ஒரு குட்டிச் சமையலறையே இருக்கும். மொச்சைக்கொட்டை அளவுக்கு நறுக்கிய கோழி ஈரல், உப்பில்லாமல் அவித்த நெத்திலி. சைவ வீடுகளுக்குத் தனி டப்பாவில் பனீரும் கேரட்டும். அந்த டப்பாவை ஈரல் பக்கமே அண்ட விடமாட்டான். மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பக்கம் ஆசையாக நாய்க்குட்டியைக் கொண்டுவந்துவிட்டு, அது சோபாவைக் கடித்துக் குதறிய பிறகு முழி பிதுங்கி நிற்கிறவர்களுக்கெல்லாம் அவன்தான் நாய் பழக்கும் மாஸ்டர்.

போன வீட்டிலெல்லாம் முதல் நாள் ஒரே பாட்டுதான். “வேல கஷ்டமா இருந்தா தீனி ஒசத்தியா இருக்கணும்மா. சும்மா குந்துன்றதுக்கு கேரட்டு போதும். ரோட்ல கூப்ட்டு வரணும்னா அதுக்கு உசுரா இருக்கறது எதுவோ அத குடுக்கணும். வந்த ஒடனே வாயில குடு. வந்த நாய லபக்குனு புடிச்சிக் கட்டாத. அப்புறம் ஜென்மத்துக்கும் நம்பாது.”

அந்தக் கடைசி வரியில் மட்டும் குரல் இறங்கும். கேட்கிறவர்கள் தொழில் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். பக்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான்.

மந்தைவெளியில் முதல் மாடியில் இருக்கும் சாருலதா, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள், தெருமுனை டீக்கடை ஓரம் கிடந்த குட்டி ஒன்றை எடுத்துவந்து சுக்கு என்று பேர் வைத்திருந்தாள். நாலு மாசக் குட்டி. பனீரைக் காட்டினால் உட்காரும், படுக்கும், கை கொடுக்கும். தெருவில் இறங்கிவிட்டால் போச்சு, தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது.

“ஆத்துல இவ்ளோ சமத்தா இருக்கு, கபாலி அண்ணா. வெளில போனா நான் யாரோ, அது யாரோ!” என்றாள் சாருலதா. “டீக்கடைல வளர்ந்ததோல்லியோ, பொறைன்னா உசிரை விடறது. அதையே கைல வச்சுண்டு கூப்பிட்டா என்ன?”

டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் கிடக்குமே, கடித்தால் பல் ஆடுகிற காய்ந்த ரொட்டி, அதுதான் பொறை. இந்த ஊரில் தெருநாய்க்கு எவர் எதைப் போட்டாலும் முதலில் போடுவது அதைத்தான்.

“பொற மட்டும் வாணாம்மா,” என்றான் கபாலி.

“ஏன், ஒத்துக்காதா?”

“அது… மைதா. குட்டி வயித்துக்கு ஆவாது.”

பொய். வயிறு கெடுவது குட்டிக்கு இல்லை, இவனுக்கு.

மாஸ்டர் ஆவதற்கு முன் ஏழு வருஷம் கபாலி நாய் பிடிக்கும் வண்டியில் போனவன். மற்றவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு நாயோடு நாயாக ஓடுவார்கள். இவன் ஓடமாட்டான். தெருவில் குந்தி உட்கார்ந்து, ஒரு பொறையை டக்கென்று உடைத்து, ச்சு ச்சு என்பான். நாய் வரும். வாயில் பொறையைக் கொடுத்து, கழுத்தைத் தடவி, தடவின கையாலேயே பிடரியை இறுக்கிவிடுவான். ‘பொற கபாலி’ என்று வண்டிக்காரர்கள் பட்டமே கட்டியிருந்தார்கள். அப்போது அவனுக்கு அதில் என்ன பெருமை தெரியுமா! பிடித்த நாய்க்குக் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவதுதான் வேலை. இதில் என்ன பாவம் இருக்கிறது என்பான். அதுவரைக்கும் அது நிஜமும்தான்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து முனையில், மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் போட்டு, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள் அஸ்மத்துன்னிசா. அவள் மெஷினடியில் படுத்துக்கிடப்பது ராணி. வெள்ளை நாய், ஒரு காது மட்டும் கறுப்பு. வலையைக் கண்டால் நாலு தெரு தாண்டிவிடும். மூன்று முறை தப்பித்த நாய் என்று தெரிந்ததும் கபாலிக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு நாள், வண்டியில்லாமல் தனியாக, காலையில் ஒரு பொறையோடு போனான்.

“யார் கையிலயும் வாங்காது நைனா, உன் கையில வாங்குதே!” என்று பூரித்துப்போனாள் அஸ்மத்துன்னிசா. இவனுக்கு டீ வேறு சொன்னாள்.

ஐந்தாம் நாள் பின்னால் வண்டி நின்றது. பிடரியில் கை இறுகியபோது ராணி குரைக்கவில்லை, கடிக்கவில்லை. பொறை இன்னும் வாயிலேயே இருந்தது. அதைத் துப்பத் தோன்றாமல் அவனையே பார்த்தது.

“அஞ்சு நாள்ல இதே எடத்துல வுட்டுர்றேன்கா,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

விட வந்த அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று மழை. ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை முழுக்கத் தண்ணீர். மேற்கு மாம்பலம் அந்தப் பக்கம், வண்டி நின்றது தி.நகர் பக்கம். இன்னும் இரண்டு இடம் போகணும், டிரைவர் ஹார்னை அழுத்துகிறான். நாய்க்கு வழி தெரியாமலா போய்விடும் என்று கபாலியே கதவைத் திறந்துவிட்டான். ராணி இறங்கி, மழையில் நின்று, அவன் கையைப் பார்த்தது. கையில் ஒன்றுமில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, ராணி எங்கே என்று அஸ்மத்துன்னிசா கேட்டாள். “இங்கதான் வுட்டேன்கா. எங்கனா சுத்திக்கினு இருக்கும், வந்துரும்,” என்று வாய் கூசாமல் சொன்னான். பிறகு அவனே தி.நகர் பக்கம் பத்து நாள் தேடினான். ராணி கிடைக்கவில்லை. இரண்டே மாசத்தில் வண்டி வேலையை விட்டான். அந்தச் சந்துப் பக்கமும் போகவில்லை, பொறையையும் தொடவில்லை. அஞ்சு வருஷம்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், சுக்குவைப் பழக்கக் கபாலி வந்திருந்த நேரம், தண்ணீர் கேன் போட வந்தவர் கேட்டைத் திறந்துவைத்துவிட்டார். சுக்கு அம்பாகப் பறந்து மெயின் ரோட்டுக்கே போய்விட்டது. நடு ரோட்டில் வாலை இடுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் ஆட்டோ, அந்தப் பக்கம் பஸ். “சுக்கு! சுக்கு!” என்று சாருலதா அலறுகிறாள். கபாலி பனீரைக் காட்டினான், ஈரலைக் காட்டினான். குட்டி அவனைப் பார்க்கவேயில்லை. இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தால் பஸ் சக்கரம்தான்.

அடுத்து என்ன செய்தான் என்று அவனுக்கே தெரியாது. டீக்கடை பாட்டிலுக்குள் கை போனது. ரோட்டோரம் குந்தினான். டக். ச்சு ச்சு.

சுக்குவின் காது நிமிர்ந்தது. ஒரே ஓட்டம், நேராக அவன் கைக்கு. பாதிப் பொறையை வாயில் வாங்கிய அதே நொடியில் கபாலியின் இன்னொரு கை, யாரும் சொல்லாமலே, பிடரியைக் கவ்விவிட்டது. பிடிக்காமல் விட்டிருந்தால் மறுபடி ஓடியிருக்கும், பிடித்தது சரிதான். ஆனால் குட்டி பொறையை மெல்லாமல், துப்பாமல், அவனை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது.

சாருலதா மூச்சிரைக்க ஓடிவந்து குட்டியை வாரி அணைத்துக்கொண்டாள். “தெய்வமாட்டம் வந்தேள் அண்ணா!”

அய்யோ, இதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வயசு ஆள், டீக்கடை வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். “மைதான்னு சொன்னது பொய்மா,” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் குட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“அந்த மாமிகிட்ட சொன்னேளா?”

சொல்லவில்லை. அன்றைக்கே போனான்.

அதே மாடிப்படி, அதே மெஷின். அஸ்மத்துன்னிசாவின் கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. “கபாலியா? இன்னா நைனா, இந்தப் பக்கமே காணோம்,” என்றாள். உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

“யக்கா, ராணிய நான் இங்க வுடல. மழ. அந்தாண்ட, தி.நகர் பக்கம் எறக்கி வுட்டுட்டேன். உன்னாண்ட பொய் சொல்லிட்டேன்.”

மெஷின் நின்றது. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“இங்க வுட்டேன்னு நீ சொன்னதால, இந்தப் பக்கமே தேடிக்கினு இருந்தேன்டா நானு. ஒரு சந்து வுடல. குப்பத்தொட்டிலாம் பாத்தேன். அந்தாண்டன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, பாலம் ஏறி எறங்கினா பத்து நிமிசம். அது அங்க நின்னுக்கினு இருந்திருக்குமே, பாவி.”

கபாலி அஞ்சு வருஷமாக, தப்பான பக்கம் இறக்கிவிட்டதுதான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது மழை செய்தது என்றுகூடச் சில நாள் மனசைத் தேற்றியிருக்கிறான். பொய்யை மழை சொல்லவில்லை. அது இப்போதுதான் உறைத்தது.

அஸ்மத்துன்னிசா மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். “நட. எந்த எடம்னு காட்டு.”

“அஞ்சு வருசம் ஆச்சேக்கா…”

“காட்டுடா.”

ரயில்வே நடைபாலத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். இவன் கை கொடுத்தான், அவள் பிடிக்கவில்லை. இறங்கி, கடைப் பைகளோடு இடித்துக்கொண்டு போகும் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒரு பாத்திரக்கடைக்கு எதிரே நின்றான். “இங்கதான்கா.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். “ராணி!” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

“நீயும் கூப்டு,” என்றாள். “உன் கைக்குத்தான அது வந்துச்சி.”

கபாலி நடுத்தெருவில் குந்தினான். காலையில் மிச்சமான பாதிப் பொறை பையில் இருந்தது, எடுத்து நீட்டினான். ச்சு ச்சு என்று சொல்ல உதட்டைக் குவித்தான். சத்தம் வரவில்லை.