கண்ணாடி கொடுத்தார்கள் என்று சொன்னேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒன்றாகத்தான் போவோம். ஒருநாள் அவள் முதுகிலிருந்த பம்பின் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து முகத்தில் அடித்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினேன். வலது கண் போய்விட்டது. எங்கள் யாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்ததே இல்லை.

அக்கா நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதிப்போட்டாள். விசாரிக்க அதிகாரி வருவதாக இருந்தது. பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. இதயத்தில் ஓட்டை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் மாதத்தில் பாதி நாள் வேலைக்குப் போக முடியவில்லை. இனி நாள் தவறினால் பெயரை வெட்டிவிடுவேன் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டிருந்தார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

விசாரணைக்கு முன்தினம், எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணாடி குடுத்தாங்க, அவதான் போடலன்னு சொல்லு. புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டகையில ஒனக்கு மாசச் சம்பளம். ஆப்பரேசன் செலவ தொரை பாத்துக்குவாரு."

"அது பொய் லா, அண்ணே."

"பொய்தான். மகள எப்படிக் காப்பாத்தப் போற, அதச் சொல்லு."

தினமும் முழங்காலிட்டு ஜெபிப்பவள் நான். அன்று இரவு ஜெபம் வரவில்லை.

மறுநாள் ஆபீசில் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கேட்டதும், "கண்ணாடி குடுத்தாங்க. அவங்கதான் போடல" என்றேன்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா.

மேசையைப் பார்த்தபடியே இரண்டாம் முறையும் சொன்னேன்.

அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். ஜெராமில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். என் மகள் ஆப்பரேசன் ஆகிப் பிழைத்துக்கொண்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த ஆயாக் கொட்டகைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெண்கள் என்னோடு பேச மாட்டார்கள். விலைபோனவள் என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

நான்கு வருடம் கழித்து ஜெராமுக்குப் போனேன். அக்கா மீன் கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள எப்படி இருக்கு?"

"ஸ்கூலுக்குப் போவுதுக்கா."

"நல்லா இருக்கட்டும்." உரிக்கும் கை நிற்கவில்லை. "எங்கிட்ட வந்து அழுதிருந்தா நானே கேச விட்டிருப்பேன். நீ என்னப் பொய்க்காரி ஆக்கிட்ட."

அப்படி அவள் விட்டிருப்பாளா, தெரியாது. அவளிடம் போய்ச் சொல்லலாம் என்று மண்டோர் வந்த அன்று எனக்குத் தோன்றவே இல்லை.