மாறாத கல்

"இத்தத் தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போற? போய் பரிட்சைக்குப் படிடி" என்று பேத்தியை விரட்டினேன். எலக்ட்ரானின் நிறை எங்கேயும் எப்போதும் மாறாது என்று அவள் சத்தம் போட்டுப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தாய் என்று கேட்டு இப்போது உயிரை எடுக்கிறாள்.

அந்த எலக்ட்ரானை எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். என் அம்மா காசிமேட்டுக் கரையில் இறால் வாங்கித் தெருத்தெருவாக விற்பாள். கரையில் வாங்குகிறவர்தான் எடை போட இரும்புக் கிலோக் கல் கொண்டுபோக வேண்டும். ஒருநாள், படகிலிருந்து இறால் இறக்கி விற்கும் போட்டுக்காரர் எல்லோருடைய கல்லையும் தராசில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இறால் வாங்க வந்த மற்ற நாலு பெண்களின் கற்களும் ஒன்றுக்கொன்று சரியாக நின்றன. அம்மாவுடையது மட்டும் கனமாக இறங்கியது. கனத்த கல்லை வைத்து இறாலைக் கூடுதலாக அள்ளுகிறாள், இனி இவளுக்கு இறால் கிடையாது என்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது காலேஜில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார்; அன்று எங்களோடு கரைக்கு வந்திருந்தார். உப்புக் காற்றில் நாலு இரும்பும் ஒன்றாகத் துருப்பிடித்து இளைத்திருந்தால் ஒத்துப்போகத்தான் செய்யும், மாறாத ஒன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மாறாதது எதுவாம்? எலக்ட்ரானாம். இங்கேயும் நட்சத்திரத்திலேயும், பாட்டன் காலத்திலேயும் ஒரே நிறையாம்.

"அப்ப அத்தக் கொண்டாந்து தட்டுல வையி நைனா" என்றார் போட்டுக்காரர். கரையே சிரித்தது.

எனக்கு மாமாமேல் பாவமாக இல்லை, சந்தேகமாக இருந்தது. "அந்த எலக்ட்ரானுங்களும் ஒண்ணா எளச்சிருந்தா, மாமா?"

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாமே ஒரே மாதிரி எளச்சா யாருக்கும் தெரியாது. எட போடுற கல்லுங்கூட எளச்சிருக்குமே. ஒண்ணு மட்டும் வித்தியாசமானாத்தான் தெரியும். அத்தத்தான் பெரிய பெரிய ஆளுங்கோ இன்னும் தேடிகினு கீறாங்கோ."

அம்மாவுக்கு அது போதும். வித்தியாசம்தான் தெரிந்துவிட்டதே, மாறியது எந்தக் கல் என்று பார்த்துவிடலாம் என்று சொல்லி, அண்ணாச்சி கடையிலிருந்து பித்தளைக் கல்லை வாங்கிவர மாமாவை அனுப்பினாள். பித்தளை துருப்பிடித்து உதிராது. அதோடு சரிக்குச் சரியாக நின்றது அம்மாவின் கல்தான். போட்டுக்காரர் இறாலை அள்ளிப்போட்டார்.

அன்று தெருவில் விற்கப் போனபோது அம்மா கூடையிலிருந்து எடுத்தது வேறு கல். துருவேறி உதிர்ந்து இளைத்துப்போயிருந்தது. வாங்க ஒன்று, விற்க ஒன்று ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. எலக்ட்ரானையே சந்தேகப்பட்டவள் நான்.

உன் கல் மட்டும் எப்படித் தேயாமல் இருக்கிறது என்று சாயங்காலம் அந்த நாலு பெண்களும் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"தெனமும் எண்ணெ தடவி, துணியில சுத்தி வச்சிருவேன்மா. அளவு மாறக்கூடாது பாரு."