இலங்கை ரயிலில் உட்காரக் கற்றுக்கொண்ட தாராவிச் சாரணர்கள்

சாரணர்களை வெளிநாட்டுக்கு எப்படி அழைத்துப்போவது என்று சில படைப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நான் மும்பையில் டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்காவுக்குத் தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தாராவியில் ஒரு பள்ளி முற்றத்தில் கூடும் சாரணர் படைக்கு அக்கா. பிள்ளைகள் தாராவி, கோவண்டி, சீத்தா கேம்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இலங்கை மலையகத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியின் சாரணர் படை எங்களோடு இரண்டு வருடமாக வீடியோவில் பேசிக்கொண்டிருந்தது. ஏப்ரல் விடுமுறைக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். எங்களில் எட்டுப் பேர், அவர்களில் எட்டுப் பேர், ஜோடி ஜோடியாக அவர்கள் ஊர் மலையில் ஏறி உச்சியில் இரண்டு படைகளின் கொடியையும் பிடிக்க வேண்டும். பயணமே அந்த மலைக்காகத்தான். பயிற்சிக்காக சயான் கோட்டைப் படிகளில் ஏறி இறங்கியே எங்களுக்கு முழங்கால் தேய்ந்தது.

எங்கள் கொடி மாரியின் பொறுப்பு. பதினாறு வயது, கோவண்டிக்காரி, அணித் தலைவி. "பொம்பளப் புள்ளைக்கு மலை எதுக்கு?" என்று கேட்ட அவள் அப்பாவிடம் மூன்று மாதம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள். "கொடியோட உச்சியில நிக்கிற போட்டோ எங்கப்பா போன்ல போய் விழணும்க்கா. அவ்வளவுதான்" என்றாள்.

மும்பையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம், இரண்டரை மணி நேரம். போகவரத் தலைக்கு இருபத்தாறாயிரம் ஆனது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சற்று முன் கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து மலை ரயில். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு, இலங்கைப் பணத்தில் தலைக்கு நானூறுக்குள். ஐந்து மணி நேரம் தேயிலையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டே போகலாம். இதுவரை எல்லாம் சுகம்.

நாங்கள் இறங்க வேண்டியது ஹட்டனைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அதற்கு ஒரு நிலையம் முன்னாலேயே சாதிக் எழுந்துவிட்டான். சீத்தா கேம்ப் பையன், பதினைந்து வயது, வாயும் காலும் சும்மா இருக்காது. "அக்கா, அடுத்தது நம்ம ஸ்டேஷன். சலோ சலோ, எல்லாரும் கேட்டுக்கு வாங்க!"

எட்டுப் பேரும் பையோடு கதவை அடைத்து நின்றார்கள். பம்பாய்க்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. முன்னாலேயே கதவுக்குப் போகாவிட்டால், ஏறுகிற கூட்டம் நம்மை உள்ளேயே தள்ளிக்கொண்டு போய்விடும். வண்டி நடைமேடைக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் சாதிக் குதித்தான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். நடைமேடை நம் ஊரைவிடத் தாழ்வு என்று எவனும் பார்க்கவில்லை. சாதிக் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு விழுந்த இடத்துக்கு நேர் எதிரே, கையில் மாலையோடு வரவேற்க நின்றிருந்தார் அந்தப் படையின் பொறுப்பாளர் தங்கராஜ் சார்.

காயத்துக்கு மருந்து போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "மிஸ், ஓடுற ரயில்ல இருந்து குதிக்கிற புள்ளைங்கள நான் மலைக்குக் கூட்டிட்டுப் போக ஏலாது. பாதை ஓரத்துல பள்ளம். ஒருத்தன் அவசரப்பட்டா பதினாறு பேருக்கும் ஆபத்து."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாரி வந்து நின்றாள். ஒட்டுக் கேட்டிருக்கிறாள்.

"சார், நாங்க உக்காந்து காட்டுனா?"

"என்னது?"

"வண்டி முழுசா நிக்கிற வரைக்கும் எங்கள்ல ஒருத்தரும் எந்திரிக்க மாட்டோம். ஓடுற வண்டியில இருந்து குதிக்கவும் மாட்டோம். நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. சரி என்று மட்டும் தலையாட்டினார்.

மறுநாள் மூன்று நிலையம் தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு இரண்டு படையும் சேர்ந்து வெள்ளையடித்தோம். போகும்போது பஸ், திரும்பும்போது ரயில். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் போகிற கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு நிரம்பி வழிந்தது. தங்கராஜ் சாரும் அவர் பிள்ளைகளும் அடுத்த பெட்டியில். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறியதும் எங்கள் பிள்ளைகள் "தோடா சரகோ" என்று நகர்ந்து, இருவர் சீட்டில் மூன்றாவதாக அவரை உட்கார வைத்தார்கள். நம் லோக்கலில் மூவர் சீட்டில் நாலாவது ஆளை ஒட்டவைப்போமே, அதே வித்தை.

எங்கள் நிலையம் நெருங்கியது. சாதிக்கின் கால் ஆடுகிற ஆட்டத்தில் சீட்டே அதிர்ந்தது. "உக்காருலே" என்றாள் மாரி பல்லைக் கடித்துக்கொண்டு. வண்டி நின்றது. "இப்ப!" என்றாள். எழுந்தோம். அதற்குள் நடைமேடைக் கூட்டம் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. மூட்டைகளுக்கு நடுவில் முட்டி மோதிக் கதவை எட்டும்போது விசில் ஊதிவிட்டார்கள். வண்டி நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தது. நடைமேடை இன்னும் முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் வலது கால் தானாகவே வெளியே போய்விட்டது. பையின் வாரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள்.

"அக்கா, நீங்களுந்தான்" என்றாள் மாரி.

தங்கராஜ் சார் இரண்டு கையையும் தூக்கியபடி நடைமேடையில் நிற்க, அவரைக் கடந்து போனோம். ஒருவரும் குதிக்கவில்லை.

அடுத்த நிலையத்தில் இறங்கினால், திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நடக்கலாம் என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள். தேயிலைக்கு நடுவே ஏழு கிலோமீட்டர். சாதிக் முழங்கால் கட்டோடு நொண்டிக்கொண்டே முன்னால் போனான். பாதி வழியில் ஒரு ஆட்டோ எதிரே வந்து நின்றது. தங்கராஜ் சார் இறங்கி முதலில் எண்ணிப் பார்த்தார். எட்டு.

"ஏன் இறங்கல?"

"நின்ன பொறவுதான் சார் எந்திரிச்சோம். அதுக்குள்ள கெளம்பிட்டு" என்றான் சாதிக். "குதிக்க மாட்டோம்னு சொல்லியிருக்கோம்லா."

அவர் ஆட்டோவை அனுப்பிவிட்டு எங்களோடு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும், "விடிய அஞ்சு மணிக்கு ரெடியா இருங்க" என்றார்.

"எதுக்கு சார்?" என்று கேட்டாள் மாரி. அவளுக்குத் தெரியும். அவர் வாயால் வரவேண்டும் என்று கேட்டாள்.

"மலைக்கு."

மலைக்கு முன் நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு முகவரிச் சான்று இழுத்தடிக்கும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். ஏப்ரலிலும் அங்கே மாலையில் மழை உண்டு. ஸ்வெட்டர் எடுக்காமல் வந்த இரண்டு பேர் என் துப்பட்டாவைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மலையடிவாரத்துக்கு ஒரு நிலையம் ரயிலில் போக வேண்டும். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தங்கராஜ் சார் எழுந்து கதவருகே போய் நின்றார். "எழும்பி இங்க வாங்க எல்லாரும். ஆனா நின்ன பொறகுதான் இறங்கணும், சரியா?" என்றார். எழுந்து நிற்பதும் பொறுத்து இறங்குவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று எங்கள் பதினெட்டுப் பேருக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று மணி நேர ஏற்றம். உச்சியில் காற்று கொடியைப் பிடுங்கப் பார்த்தது. மாரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க, சாதிக் படமெடுத்தான். சிக்னல் கிடைத்த இடத்தில் அதைக் கோவண்டிக்கு அனுப்பினாள். அவள் அப்பாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"ஏட்டி மாரி, கொடி நல்லாருக்கு. அவசரப்படாம எறங்கு."