மாறாத அளவு

குஷாய்குடாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள் ஹம்சா. பூதக்கண்ணாடிக்கு அடியில் சால்டரிங் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பாத குணம் அவளுக்கு வந்துவிட்டது.

அவள் ஓய்வு பெற்ற வருஷம் கணவர் உமாசங்கரின் வலது பாதத்தில் புண் வந்தது. இருபது வருஷச் சர்க்கரை. கால் மரத்துப் போயிருந்ததால், பெருவிரலுக்குக் கீழே எப்போது கொப்புளம் கிளம்பியது, எப்போது உடைந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு ஒன்றைக் கொடுத்து, இது இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்றார்கள். வாரம் ஒரு தடவை நர்ஸ் சபீனா புண்ணை அளந்து அட்டையில் எழுதுவாள்.

முதல் மூன்று வாரம் புண் சுருங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. நான்காவது வாரமும் ஐந்தாவது வாரமும் அட்டையில் ஒரே எண்: நீளம் 2.2 சென்டிமீட்டர், அகலம் 1.8.

"ரெண்டு தடவை அச்சு அசலா ஒரே அளவு வந்தா, ரெண்டாவது தடவை அளக்கலேன்னு அர்த்தம்" என்றாள் ஹம்சா வீட்டில்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு."

"நல்ல பொண்ணுங்களும் காப்பி அடிப்பாங்க."

அடுத்த வாரம், தன் கண்முன்னால் அளக்கச் சொன்னாள். சபீனா முகம் சுளிக்காமல் ஸ்கேலைப் பிடித்தாள். 2.2, 1.8. தானே ஒரு கண்ணாடித்தாளை மேலே வைத்து, புண்ணின் ஓரத்தை வரைந்தும் காட்டினாள்.

"ஆண்டி, அளவு சரிதான். அங்கிள் எங்கேயோ செருப்பில்லாமல் நடக்கிறார்" என்றாள் தன் உருதுவில்.

"நஹீ, நஹீ! சத்தியமா இல்லை" என்றார் உமாசங்கர்.

ஹம்சாவின் சந்தேகம் அங்கேயே ஆளை மாற்றிக்கொண்டது. தான் மார்க்கெட்டுக்குப் போகும் நேரம் பார்த்து இவர் முக்கு டீக்கடைக்குப் போகிறாரோ? அடுக்குமாடி வாட்ச்மேனைக் கேட்டாள்; சார் கீழே இறங்கவே இல்லை என்றான். வாட்ச்மேனையும் இவர் சரிக்கட்டியிருப்பாரோ? மறுநாள் அவருடைய பழைய செருப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதைப் பார்த்த உமாசங்கர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாததே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி அவளுக்குப் பட்டது.

வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கும்போது, துணியின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டு கடுகு ஒட்டியிருந்தது. டீக்கடையில் கடுகு ஏது?

அன்று சாயங்காலம் காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஏழரைக்கு உமாசங்கர் எழுந்தார். செருப்போடு சமையலறை வாசல் வரை வந்தார். அங்கே கழற்றி ஓரமாக வைத்தார். வெறும் கட்டுக்காலோடு உள்ளே போய் ஃபிரிஜ்ஜைத் திறந்து இன்சுலினை எடுத்தார்.

"ஏங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன ஹம்சா?"

"செருப்பை ஏன் கழட்டினீங்க?"

"அடுப்படிக்குள்ள செருப்பு வரக் கூடாதுன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றவ நீதானே? சாமி படமும் உள்ளதான் இருக்கு."

"தினம் எத்தனை தடவை வர்றீங்க?"

"காலையில இன்சுலின், ராத்திரி இன்சுலின், நடுவுல தண்ணி... பத்து தடவை இருக்கும். இதெல்லாம் ஒரு நடையா?"

வாசலில் செருப்பைக் கழற்றுவது இத்தனை வருஷப் பழக்கம்; கண்ணெதிரே நடந்தும் ஹம்சாவுக்கு உறைக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டீக்கடையும் இல்லை, வாட்ச்மேனுக்கு லஞ்சமும் இல்லை. அவரை உட்காரவைத்து, ஊசியைத் தானே எடுத்துக் கொடுத்தாள். பிறகு அந்தச் செருப்பின் அடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, சமையலறைக்கு உள்ளே அவர் காலடியில் கொண்டு வந்து வைத்தாள்.

"உள்ளயே போட்டுக்கோங்க. சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அவர் சிரித்தார்.

அடுத்த வாரம் நீளம் 1.9. அதற்கடுத்த வாரம் 1.5. பதினான்காவது வாரம் தோல் மூடியது. அதே இடத்தில் மறுபடி வரலாம், தினமும் பாருங்கள் என்று சபீனா எச்சரித்து அனுப்பினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா" என்றாள் ஹம்சா.

இப்போது தினமும் காலையில் அவர் பாதங்களை மடியில் வைத்து, விரலிடுக்கு வரை பார்க்கிறாள்.

"ஒண்ணும் இல்லை, விடு" என்கிறார் உமாசங்கர்.

"அதை நான் பார்த்துச் சொல்றேன்" என்று அடுத்த பாதத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்.