பச்சைச் சாயமும் பாலக்கரைக் கொழாயும்

பித்தப்பையில கல்லுன்னு சொன்னப்பகூட எனக்குப் பயமில்ல. கே.கே. நகர் பக்கத்து ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சாங்க. பையிலேருந்து ஒரு சின்னக் கொழாய் வந்து, ஈரல்லேருந்து எறங்குற பெரிய கொழாயில சேருது. பையை எடுக்கச் சின்னதைத்தான் வெட்டணும்.

"பெரிசு வெட்டுப்பட்டா?"

"அது படவே கூடாது"ன்னாங்க. அப்பத்தான் வேர்த்துச்சு.

நான் கொழாய் ஃபிட்டரா இருந்தவன். பாலக்கரையில ஒரு தடவ ரோட்டைத் தோண்டினா ரெண்டு கொழாய் ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. ரெண்டும் ஒரே துரு, ஒரே தடிமன். எதுத்தாப்ல நல்ல டீக்கடை, இஞ்சி தட்டிப் போடுவான். குடிச்சுட்டு வந்து, இடது பக்கம் தண்ணி ஓடாத செத்த லைனுன்னு நானே முடிவு பண்ணி ரம்பத்தை வெச்சேன். தண்ணி மூஞ்சியில அடிச்சுது. தெருவுப் பொம்பளைங்க காலிக் கொடத்தோட என்னைச் சுத்தி நின்னாங்க. அன்னிக்குக் கொழாயை ஒட்டிட்டேன். ஈரல்ல எப்படி ஒட்டுறது?

டாக்டரம்மா ஒரு வழி சொன்னாங்க. முன்னாலயே நரம்புல பச்சைச் சாயம் ஏத்துவாங்களாம். அது ஈரலுக்குப் போயி பித்தத்தோட எறங்கும். தனி லைட்டு கேமராவுல பாத்தா கொழாயெல்லாம் பச்சையா மின்னும். போன உசுரு திரும்பி வந்துச்சு.

ஆபரேஷன் அன்னிக்குக் காலைல நர்ஸ் கேட்டாங்க, "ஐயா, ஸ்கேனுக்கு மருந்து ஏத்தி எப்பவாச்சும் அலர்ஜி ஆச்சா?"

ஆச்சு. ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. சொன்னா சாயம் ஏத்த மாட்டாங்களே. "இல்லீங்க"ன்னேன்.

எம் பொண்டாட்டி விடல. "ஏங்க, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்தீங்களே! இந்த மனுசன் பொய் சொல்றாரும்மா."

"நீ சும்மா இருடி."

"எதுக்கு? நான் தாலிய அறுத்துட்டு நிக்கவா?"

டாக்டரம்மாவே வந்துட்டாங்க. "ஸ்கேன் மருந்து மாதிரியே அந்தச் சாயத்துலயும் அயோடின் இருக்கு. உங்களுக்கு வேண்டாம்." நான் பாலக்கரைக் கதைய அழாத கொறையாச் சொன்னேன்.

"அன்னிக்கு ரெண்டு கொழாயும் எங்க போவுதுன்னு முழுசாத் தோண்டிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. அவசரம்."

"நான் பாப்பேன். தெரியலன்னா வெட்ட மாட்டேன்."

ஒரு மணி நேர வேலை மூணு மணி நேரம் ஆச்சாம். எம் பொண்டாட்டி வெளிய சமயபுரத்தாளைக் கூப்பிட்டுக்கிட்டே நின்னாளாம்.

பெரிய கொழாய்க்கு ஏதாச்சும் ஆயிருந்தா கண்ணு மஞ்சளாவும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து எட்டு நாளாச்சு. தெனமும் காலைல என்னை ஜன்னலண்ட நிறுத்தி, இமையைத் தூக்கிப் பாக்குறா. "வெள்ளையாத்தான் இருக்கு"ன்னு அவ சொல்ற வரைக்கும் நான் மூச்சு விடுறதில்ல.