கூழைப்படை திரும்பி நின்ற நாள்

இந்த வயதிலும் ஏன் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறாய் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். செஞ்சிக் கோட்டைக்குக் கீழே பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவேன். உண்மையில் அதற்குக் காரணம் கோட்டை இல்லை, என் அண்ணன் மனப்பாடம் செய்த பாடம்.

அறுபதுகளின் நடுவில் அண்ணன் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பழந்தமிழ்ச் சொற்களை ஒப்பிக்கும் போட்டிக்காக வாசலில் மேலும் கீழும் நடந்து கத்துவான். படையின் முன்னால் போவது தூசி. பின்னால் வருவது கூழை. பக்கத்தைக் காப்பது கை. அணிவகுத்து நிற்பது உண்டை. வீரனுக்கு வயவன், பொருநன், மழவன் என்று ஏகப்பட்ட பெயர்கள். அவனுக்கு மண்டையில் ஏறுவதற்குள் கேட்டுக்கேட்டே எனக்கு ஏறிவிட்டது. அப்புறம் நான் ஆடுகளைக்கூடச் சும்மா விடவில்லை. முன்னால் போகும் கிடா தூசிப்படை, நொண்டிக்கொண்டு வருவது கூழைப்படை.

"கூழைன்னா மட்டமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மட்டம் இன்னா மட்டம்? படை திரும்புச்சின்னா அதான் முன்னால நிக்கும். போடி" என்றான். தொந்தரவு விட்டால் போதும் என்று சொன்ன பதில்தான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது கோட்டையைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். சாலையில் நின்று வரவேற்க எங்கள் பள்ளிக்கூடத்தை வரிசை கட்டினார்கள். வெள்ளைச் சட்டை இருக்கிறவர்கள் எல்லாம் முன்னால். மண்டி முதலாளியின் மகன் கையில் கொடியோடு முதல் ஆள். வெள்ளைச் சட்டை இல்லாத எங்கள் தெருப் பிள்ளைகள் கடைசியில். எனக்குப் பெரியம்மா மகளின் சாயம் போன மஞ்சள் சட்டை. "யார் கண்ணுலயும் படாம நில்லுங்க" என்று டிரில் மாஸ்டர் பிரம்பை ஆட்டிச் சொன்னார். கண்ணில் படக்கூடாது என்றால் எங்களை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய மனிதர்கள் விழுப்புரம் பக்கமிருந்துதான் வருவார்கள் என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. கோட்டை கட்டியவர்கள் எதிரி எந்தத் திசையிலும் வருவான் என்று நினைத்துக் கட்டினார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஒரே திசையை நம்பி மாலையோடு நின்றார். அதிகாரியோ முதல்நாளே திருவண்ணாமலையில் வந்து தங்கிவிட்டு, அங்கிருந்து எங்கள் முதுகுப்பக்கமாக ஜீப்பில் வந்துவிட்டார்.

"அபவுட் டர்ன்" என்று டிரில் மாஸ்டர் அலறினார். பள்ளிக்கூடமே திரும்பியது. இப்போது ஜீப்புக்கு எதிரே முதலில் நின்றது நாங்கள்.

அப்போதுதான் மாஸ்டருக்கு விஷயம் உறைத்தது. எங்களிடம் ஓடிவந்தார். "நீங்கல்லாம் அந்தக் கடைசிக்கு ஓடுங்க. வெள்ளைச் சட்டைங்க இங்க வரட்டும்."

எங்கள் தெருப் பிள்ளைகள் நகரத் தொடங்கினார்கள். நான் இரண்டு பக்கமும் இருந்தவர்களின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"போக மாட்டோம் சார். படை திரும்பிடுச்சி. இப்ப நாங்கதான் தூசி."

"இன்னாடி சொல்ற?"

"நாங்கதான் முன்னால, சார்."

பிரம்பை ஓங்கினார். அதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டதால் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதிகாரி இறங்கி, என்ன படிக்கிறாய் என்று என்னைத்தான் கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்று மலைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். தலைமையாசிரியர் மாலையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தபோது அதிகாரி மறுபடி ஜீப்பில் ஏறியிருந்தார்.

மறுநாள் நைனாவை வரச் சொன்னார்கள். நைனா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குபவர். தலைமையாசிரியரின் அறையில் பள்ளிக்கூடக் கமிட்டிக்காரர் என்ற முறையில் அந்த மண்டி முதலாளியும் உட்கார்ந்திருந்தார். நைனா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். உன் மகள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன் என்றார் தலைமையாசிரியர்.

நைனா என்னைப் பார்த்தார். "கேக்கறியாம்மா?"

"மாட்டேன்."

"கேக்க மாட்டேங்குதுங்க" என்றார், பெரிய வருத்தம் போல முகத்தை வைத்துக்கொண்டு. பிறகு முகம் மாறியது. "பின்னால நில்லுன்னீங்க, நின்னுது. திரும்புன்னீங்க, திரும்புச்சி. இதுல எம்பொண்ணு தப்பு இன்னாங்க ஐயா? டி.சி. குடுக்கறதுன்னா குடுங்க. இன்னாத்துக்குன்னு அதுல எழுதிக் குடுங்க."

 தலைமையாசிரியர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், போய் வகுப்பில் உட்கார் என்று எனக்கு உத்தரவு வந்தது. டி.சி. பேச்சு அதோடு நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்துக்கொண்டு ஓடினேன்.

அடுத்த வாரத்திலிருந்து நைனா செஞ்சி மண்டிக்குப் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு இருட்டிய பிறகு வந்தார். எங்கள் தெருவில் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் என் நைனா ஒருவர்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். கொடி பிடித்த முதலாளி மகனிடமும் போய், "எங்க நைனா டெய்லி பஸ்ல போறாரு, தெரியுமா?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பயலுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.