அரைப்பேர் போன்

என் முதல் கடனட்டை கைக்கு வந்தபோது நான் பண்டாரவளையில் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வங்கிக்காரர் பாடசாலைக்கே வந்து, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டு போனார். அட்டை வந்த கையோடு அம்மாவின் போன் பில்லை அதில் கோத்துவிட்டேன். இதை ஒரு பெரிய சாதனையாகப் பலரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அம்மா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாகத்தான் இருக்கிறாள். அதுவரை அவள் போனுக்கு நான் இங்கிருந்து ரீலோட் போடுவேன். போட்டதும் "வந்துச்சாம்மா?" என்று அழைத்துக் கேட்க வேண்டும். கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது முதல் கணக்குப்பிள்ளை திட்டியது வரை எல்லாம் வரும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் மாத பில் இணைப்பாக மாற்றி, என் அட்டையிலிருந்து தானாகவே பணம் போகும்படி செய்தேன்.

"அப்ப சம்பளத்துல சந்தா பிடிக்கிற மாதிரியா?" என்று அம்மா கேட்டாள். தொழிற்சங்கச் சந்தாவைத் தோட்டத்து ஆபீசிலேயே சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

"அதே மாதிரிதான். இனிமே நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானும் ஒண்ணும் கேக்க வேணாம்."

சொன்னபடியே நடந்தது. கேட்க ஒன்றும் இல்லாததால் நான் அழைப்பது குறைந்தது. பிறகு அவள் அழைத்தால் மட்டும் பேசினேன். அதையும் பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று சொல்லிச் சீக்கிரம் வைத்தேன். பாதி நாட்களில் என் முன்னால் தாளே இருக்காது.

ஒருநாள் பதுளை பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்தேன். வங்கி பழைய அட்டையை நிறுத்திவிட்டு, புது எண்ணோடு இன்னொன்று தந்தது. தானாகப் போகும் கட்டணங்களுக்கெல்லாம் இந்த எண்ணை நானேதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் படம் பார்க்கும் செயலி சில நாளில் நின்றது. அதற்கு அந்த நிமிஷமே புது எண்ணைக் கொடுத்தேன். அம்மாவின் போன் நினைவுக்கே வரவில்லை. பில் கட்டப்படவில்லை என்று வந்த குறுஞ்செய்திகளை விளம்பரங்களோடு சேர்த்து அழித்திருக்கிறேன். இதை மறதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மீரியபெத்த தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போனதிலிருந்து எங்கள் பக்கத்தில் யாரும் மழையைச் சும்மா பார்ப்பதில்லை. நான் சும்மாதான் பார்த்தேன். ஏதாவது என்றால் அம்மா அழைப்பாள்தானே என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கரட் வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் லயத்து அக்கா ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். பிள்ளைகளோடு பண்டாரவளையில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாளாம்.

"என்னா டீச்சர், அம்மாவ வந்து பாக்கவே இல்ல? லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சுப் போச்சுன்னு எல்லாரையும் இஸ்கூல்ல கொண்டுபோயி வச்சிருக்காங்களே. அஞ்சு நாளாச்சு."

அங்கேயே நின்று அம்மாவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏம்மா எனக்கு ஒரு கால் எடுக்கல?" கோபமாகத்தான் கேட்டேன். தப்பு என்னுடையது என்றால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

"இங்கேருந்து போகலடி. ரெண்டு வாரமா, நம்பர அமுக்குனா ஒரு பொம்பள சிங்களத்துல என்னமோ சொல்றா. போனுக்கு அரைப்பேரு போட்டுட்டாங்க போல."

கேட்ட நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். நாள் முழுக்க மலையில் நனைந்துகொண்டு நின்றாலும் அரைப்பேர் அரைப்பேர்தான்.

"யாருகிட்டயாவது போன் வாங்கிப் பேசியிருக்கலாமே?"

"ஒனக்குத்தான் கட்ட முடியலையாக்கும்னு நெனச்சேன் புள்ள. அடுத்தவங்க போன்ல பேசுனா நாலு பேருக்குத் தெரிஞ்சுரும். ஒனக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள். "அதுவும் போறதுதான் போகல. வர்றது வரும்னு பக்கத்துல உள்ளவங்க சொன்னாங்க. நீ எப்ப கால் எடுப்பியோன்னு சார்ஜ் போட்டு கையிலயே வச்சிருந்தேன்."

சந்தை நடுவில் நின்று அழுதேன். அந்த இரண்டு வாரத்தில் எந்த நாள் நான் அழைத்திருந்தாலும் அந்த போன் அடித்திருக்கும்.

பில்லைக் கட்டிவிட்டு, அம்மாவிடம் போக அன்றே பதுளைக்கு பஸ் ஏறினேன். புது அட்டை எண்ணை அந்த இணைப்புக்கு இன்றுவரை கொடுக்கவில்லை. மாதாமாதம் நானே கட்டுகிறேன். கட்டியதும் அழைத்து "வந்துச்சாம்மா?" என்று கேட்கிறேன். ரீலோட் போல, பில் கட்டினால் அவள் போனுக்கு ஒன்றும் வராது. அது அம்மாவுக்கும் தெரியும்.

"வந்துச்சுடி" என்கிறாள்.